முழுத் தானியங்கி காப்பி இயந்திரம்

வறுத்த கொட்டையை ஒரு தொட்டியிலும் தண்ணீரை இன்னொன்றிலும் நிரப்பிவிட்டுப் பொத்தானை அழுத்தினால், கொட்டையை அரைத்து, தூளை அளந்து அமுக்கி, சுடுநீரை அழுத்தத்தோடு செலுத்தி, காப்பியைக் கோப்பையில் இறக்கி, சக்கையையும் தானே தள்ளிவிடும் வீட்டுக் கருவி முழுத் தானியங்கி காப்பி இயந்திரம். அளந்து அடைத்த தூளைப் பயன்படுத்தும் கேப்சூல் இயந்திரமும், தூளைக் கைப்பிடி வடிகட்டியில் நாமே நிரப்பி அமுக்கவேண்டிய எஸ்பிரெசோ இயந்திரமும் இந்த வகையில் சேரா. ஐரோப்பியச் சந்தையில் இதன் விலை சில நூறு யூரோவில் தொடங்கி 2,000 யூரோவைத் தாண்டிச் செல்கிறது. ஐந்து மடங்கு பணத்துக்கு ஐந்து மடங்கு நல்ல காப்பி கிடைக்காது என்பது யாரும் ஊகிக்கக்கூடியதே. ஊகிக்க முடியாதது, அந்தக் கூடுதல் பணம் எங்கே போகிறது என்பது. இயந்திரத்தின் உள்ளமைப்பைப் பார்த்தால், அதில் பெரும்பங்கு காப்பி வடியும் இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை என்பது தெரியும்.

இந்த இயந்திரத்தின் முன்னோர்கள் இத்தாலியக் காப்பிக் கடைகளில் பிறந்தவர்கள். தூரின் நகரின் ஆஞ்சலோ மோரியோண்டோ 1884இல் நீராவியால் காப்பி வடிக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். மிலான் நகரின் லூயிஜி பெட்ஸேரா 1901இல் அதை ஒவ்வொரு கோப்பையாக வடிக்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நீராவியை நம்பிய அந்தக் காப்பியில் கருகல் வாடை இருந்தது. 1940களின் பிற்பகுதியில் அக்கில்லே காஜ்ஜா நெம்புகோலும் சுருள்வில்லும் கொண்டு நீரை அழுத்தியபோதுதான், கொதிநிலைக்குக் கீழே உள்ள நீரில், மேலே பொன்னிற நுரை படிந்த இன்றைய எஸ்பிரெசோ பிறந்தது. 1961இல் வந்த ஃபாயெமா இ61 கைவலுவின் இடத்தில் மின் பம்பை வைத்தது. மிஞ்சியிருந்தது பரிமாறுபவரின் கை மட்டுமே. அதையும் வீட்டளவில் விலக்கியது, பொலோஞாவுக்கு அருகே 1981இல் தொடங்கப்பட்ட சாயெக்கோ நிறுவனம். 1985இல் அது வெளியிட்ட சூப்பரவுட்டோமாட்டிக்காதான் வீட்டுக்கான முதல் முழுத் தானியங்கி எஸ்பிரெசோ இயந்திரம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது. பின்னர் சுவிட்சர்லாந்தின் யூராவும் இத்தாலியின் டெலோங்கியும் இந்தத் துறையில் முன்னுக்கு வந்தன. சாயெக்கோவை 2009இல் பிலிப்ஸ் வாங்கியது.

இயந்திரத்தின் உயிர், புரூ யூனிட் எனப்படும் வடிக்கும் பகுதி. எஃகாலோ பீங்கானாலோ ஆன அரவைச் சக்கரங்கள் கொட்டையை அரைத்து அதன் சிறு அறைக்குள் கொட்டுகின்றன. மோட்டார் ஒரு திருகைச் சுழற்ற, உந்துதண்டு தூளை அமுக்குகிறது. முதலில் சிறிது நீர் பாய்ந்து தூளை நனைக்கிறது. ஒரு கணம் ஊறியபின் முழு அழுத்தத்தில் நீர் வருகிறது. எவ்வளவு நீர் சென்றது என்பதை ஓட்டமானியில் சுழலும் சின்னஞ்சிறு சக்கரத்தின் துடிப்புகளை எண்ணி மின்னணுப் பலகை கணக்கிடுகிறது. வடித்து முடிந்ததும் சக்கை வில்லையாகத் தட்டில் விழுகிறது. ஆளில்லாமல் நடக்கவேண்டிய வேலை என்பதால் இந்த அமைப்பு எப்போதும் பத்திரமான பக்கத்தில்தான் நிற்கும். கடைக்காரர் இரட்டை எஸ்பிரெசோவுக்கு 16 முதல் 18 கிராம் தூள் போடும் இடத்தில், வீட்டுத் தானியங்கி பெரும்பாலும் 7 முதல் 11 கிராமுக்குள் நின்றுவிடுகிறது. மாவுபோல் அரைத்தால் நீர் புகாமல் திணறும் என்பதால் அரவையும் சற்றுக் கொரகொரப்பாகவே வைக்கப்படுகிறது. குறையும் தடையை ஈடுகட்ட, வெளியேறும் வழியில் சுருள்வில் வைத்த ஒரு வால்வு இருக்கும். போதிய அழுத்தம் சேர்ந்த பிறகே அது திறக்கும். கோப்பையில் தெரியும் அடர்ந்த நுரையில் ஒரு பங்கு கொட்டையுடையது, மறுபங்கு இந்த வால்வினுடையது.

விளம்பரங்கள் இதைப் பற்றிப் பேசுவதில்லை. அவற்றுக்குப் பிடித்த எண் 15 பார். இத்தாலிய தேசிய எஸ்பிரெசோ நிறுவனம் தன் சான்றிதழுக்கு வகுத்த அளவுகள் வேறு: 7 கிராம் தூள், 9 பார் அழுத்தம், 88 டிகிரி செல்சியஸ் நீர், 25 வினாடி, 25 மில்லிலிட்டர் காப்பி, எல்லாம் சிறு ஏற்ற இறக்கத்தோடு. 15 என்பது பம்பு நீரை வெளியே விடாமல் முட்டிக்கொண்டு நிற்கும்போது எட்டக்கூடிய உச்சம். இந்த இயந்திரங்களின் பம்பில் மின்காந்தச் சுருளுக்குள் ஓர் உந்துதண்டு வினாடிக்கு 50 முறை அதிரும். நீர் ஓடத் தொடங்கியதும் அழுத்தம் தானாக இறங்கிவிடும். 15 பார், 19 பார் என்ற பெட்டிமேல் எண்களை ஒப்பிட்டு வாங்குவது வீண் வேலை. அதே பம்பு மலிவான இயந்திரத்திலும் இருக்கிறது, விலையுயர்ந்ததிலும் இருக்கிறது.

சூட்டின் கதையும் இதுவே. வளைந்த குழாய் பதித்த ஓர் உலோகக் கட்டியை மின்சாரம் சூடாக்க, அதன் வழியே ஓடும் நீர் போகிற போக்கிலேயே சூடேறுகிறது. தெர்மோபிளாக் எனப்படும் இந்த அமைப்பு ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிடும். கடை இயந்திரத்தின் பெரிய கொப்பரைக்கு அரைமணி நேரம்கூட ஆகலாம். ஆனால் நீர் சூடாக இருந்தும் பிளாஸ்டிக் புரூ யூனிட் குளிர்ந்திருந்தால் முதல் கோப்பை வெதுவெதுப்பாகத்தான் வரும். இயந்திரத்தை இயக்கியதும் அது வெறும் நீரைக் கொட்டிக் கழுவுவதற்குச் சுத்தம் மட்டும் காரணமல்ல.

விலைக்கும் வடிப்புக்கும் உள்ள உறவு உதிரிபாகக் கடையில் வெளிப்படுகிறது. டெலோங்கியின் தொடக்கநிலை மாக்னிஃபிகாவுக்கு விற்கப்படும் புரூ யூனிட், அதே நிறுவனத்தின் விலையுயர்ந்த பிரிமாடோனா மாதிரிகள் பலவற்றிலும் அப்படியே பொருந்தும். பிலிப்ஸின் 2200, 3200, 5400 வரிசைகளிலும் அரைப்பதும் வடிப்பதும் ஒரே வகைப் பகுதிகளே. படியேறும்போது கூடுவது பானங்களின் எண்ணிக்கை, வண்ணத்திரை, குடும்பத்தில் ஆளுக்கொரு நினைவகம், கைப்பேசி இணைப்பு ஆகியவை. பதினெட்டு பானம் என்ற பட்டியலைப் பிரித்துப் பார்த்தால், ஒரே தூள், ஒரே நீர், ஒரே பாலின் அளவு விகிதங்கள்தான் அவை. விகிதத்தை ஒருமுறை கற்றுக்கொண்டவருக்கு நான்கு பொத்தான்களே போதும்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு யூராவிடமிருந்து வருகிறது. அதன் உயர்வகை இயந்திரங்களின் வடிக்கும் அறை 16 கிராம் வரை தூளை ஏற்கும். சிறு பானங்களுக்கு நீரை ஒரே ஓட்டமாக விடாமல் விட்டுவிட்டுத் துடிப்புகளாகச் செலுத்தும் முறையையும் அது கையாள்கிறது. குறைந்த நீர் தூளோடு கூடுதல் நேரம் தங்குவதால் சாறு நன்றாக இறங்கும் என்பது நிறுவனத்தின் விளக்கம். இயற்பியலும் அதற்கு எதிராக இல்லை. அதைவிட முக்கியமானது இசட் 10 மாதிரியில் வந்த மின்னணு அரவை. எஸ்பிரெசோவுக்கு நைசாகவும், நீண்ட கறுப்புக் காப்பிக்குக் கொரகொரப்பாகவும் அது தானே மாற்றிக்கொள்கிறது. சாதாரணத் தானியங்கியில் ஒரே அரவையில் இரண்டையும் செய்வதால், ஒன்று சப்பென்றோ மற்றது கசந்தோ போவது வழக்கம். இந்த மூன்றும் கோப்பையில் உணரக்கூடிய முன்னேற்றங்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் விதிவிலக்கு, விதி எங்கே இருக்கிறது என்பதையும் காட்டுகிறது: காப்பி வடிப்பைப் பொறுத்தவரை, தூளின் அளவையும் அரவையையும் நீர் பாயும் முறையையும் தொடும் மாற்றத்துக்கு மட்டுமே பணம் தரத் தகும்.

பாலைப் பொறுத்தவரை கூடுதல் விலைக்கு நியாயம் உண்டு. நீராவி ஒரு குறுகிய வழியில் வேகமாகப் பாயும்போது அங்கே அழுத்தம் குறைந்து, பாலும் காற்றும் சேர்ந்து உறிஞ்சப்படுகின்றன. காற்றுக் குமிழிகளைப் பாலின் புரதம் பிடித்து நிறுத்துகிறது. 60 முதல் 65 டிகிரியில் நுரை மென்மையாக இருக்கும். 70 டிகிரியைத் தாண்டினால் குமிழ் பெரிதாகிப் பாலின் இனிப்பும் மங்கும். கொதிக்கக் கொதிக்கக் குடித்துப் பழகியவருக்கு இந்தப் பால்காப்பி ஆறிப்போனதாகவே தோன்றும், அது பழுதல்ல. காற்றின் அளவை மாற்றவும் குளிர்ந்த நுரை எடுக்கவும் வல்ல அமைப்புகள் மேல்விலை மாதிரிகளிலேயே அதிகம். இருந்தாலும் குழாயுள்ள அமைப்பில் பால் தங்கிப் புளிக்கும். பிலிப்ஸின் குழாயற்ற இரண்டு துண்டுக் கிண்ணம், விலையில் நடுத்தரமாக இருந்தும், கழுவும் வசதியில் பல உயர்வகைகளை மிஞ்சுகிறது.

காப்பி ஆர்வலர்கள் இன்னொரு திசையிலிருந்து மறுப்பார்கள்: தானியங்கியே வேண்டாம், கைப்பிடி இயந்திரமும் நல்ல அரவை இயந்திரமும் வாங்கினால் அதே பணத்தில் மேலான எஸ்பிரெசோ கிடைக்கும் என்பது அவர்கள் கட்சி. உச்சத் தரத்தை மட்டும் அளந்தால் அவர்கள் சொல்வது சரி. மென்வறுவல் கொட்டையின் புளிப்பு நுணுக்கத்தை இந்த இயந்திரங்கள் வெளிக்கொணர்வதில்லை. ஆனால் கைப்பிடி இயந்திரத்தில் அரவை, எடை, அமுக்கம் ஆகிய மூன்றில் எது பிசகினாலும் காப்பி கெடும். காலையில் மூன்று பேர் மூன்று நேரத்தில் குடிக்கும் வீட்டில், உச்சத்தைவிட ஒரே சீரான தரம்தான் பெரிது. அந்தச் சீரைத் தானியங்கி தருகிறது, விலை குறைந்ததும் தருகிறது.

சீரைக் கெடுப்பது பராமரிப்பின்மை. ஈரச் சக்கையில் பூஞ்சை பிடிக்கும், கொட்டையின் எண்ணெய் காறும். சக்கைத் தட்டு நிறையாவிட்டாலும் 72 மணி நேரத்தில் காலிசெய்யச் சொல்லி டெலோங்கி இயந்திரங்கள் நினைவூட்டுவது இதனால்தான். பெரும்பாலான நிறுவனங்களின் புரூ யூனிட்டைக் கழற்றிக் குழாயடியில் கழுவலாம். யூராவில் கழற்ற முடியாது, மாத்திரை போட்டுத்தான் துப்புரவு செய்யவேண்டும். மறந்துபோகிறவருக்கு மாத்திரை முறை எளிது. ஆனால் உள்ளே என்ன படிந்திருக்கிறது என்பதைப் பழுதுபார்ப்பவர் மட்டுமே பார்ப்பார். கண்ணால் பார்த்துக் கழுவக்கூடியதே மேல். உப்புத் தண்ணீர் இன்னும் பெரிய எதிரி. அதிலுள்ள கால்சியம் தெர்மோபிளாக்கின் குறுகிய குழாயில் காரையாகப் படிந்து சூட்டையும் ஓட்டத்தையும் குறைக்கும். சென்னையின் ஆழ்குழாய் நீரை நேரே ஊற்றுவது இயந்திரத்தின் ஆயுளைக் குறுக்குவதே. எண்ணெய் மினுங்கும் கருவறுவல் கொட்டையும் சர்க்கரை பூசிய கொட்டையும் அரவையை அடைத்துவிடும். சிக்கரி கலந்த தூளையும், அரைத்த தூளுக்கென உள்ள தனி வழியில் போடாமலிருப்பது நல்லது: பில்டரில் டிகாக்‌ஷனை மெதுவாக இறக்கும் அந்தச் சிக்கரி, இங்கே சன்னத் துளைகளில் கூழாகத் தங்கும். பில்டர் காப்பியின் சுவையை இந்த இயந்திரத்திடம் எதிர்பார்த்து வாங்குபவர் ஏமாறுவார். எஸ்பிரெசோவும் அதன் பால் வகைகளும் பிடித்தவர், வாங்குமுன் திரையையும் பானப் பட்டியலையும் விட்டுவிட்டு, அரவையை எத்தனை நிலையில் மாற்றலாம், எத்தனை கிராம் தூள் ஏற்கும், புரூ யூனிட் கையோடு கழன்று வருமா, தம் ஊரில் பழுதுபார்க்க ஆள் உண்டா என்ற நான்கையும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.