புதிய நீதிமன்றம்: செலவு யார் தலையில்?

2019 நவம்பர் 22-ல் நெல்லையிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமானது. தனி மாவட்டத்துக்கு கலெக்டர் ஆபீஸ் மட்டும் போதாது, குற்ற வழக்குகளை விசாரிக்க நீதிமன்றங்களும் வேண்டும். ஒரு நீதிமன்றத்துக்கு எவ்வளவு ஆகும்?

பாலியல் வன்கொடுமை, போக்சோ வழக்குகளுக்கென 2019-ல் மத்திய அரசு 1,023 விரைவு சிறப்பு நீதிமன்றங்களுக்கு ரூ.767.25 கோடி கணக்கிட்டது. அதாவது ஒன்றுக்கு ஆண்டுக்கு ரூ.75 லட்சம். ஒரு நீதிபதி, 7 ஊழியர்கள், அன்றாடச் செலவு எல்லாம் இதற்குள். பெரும்பாலான மாநிலங்களில் 60 சதவீதம் மத்திய அரசு தரும், மீதி மாநிலத்துடையது.

திறப்பது எளிது, தொடர்ந்து நடத்துவதுதான் சிரமம். 2000-ல் தொடங்கிய 1,734 விரைவு நீதிமன்றங்கள் திட்டத்துக்கு 2011 மார்ச்சுடன் மத்திய நிதி நின்றது. பல மாநிலங்களில் அவை மூடப்பட்டன.

நீதிமன்றம் இல்லாவிட்டாலும் செலவு நிற்பதில்லை. 2022 முடிவில் நாட்டின் கைதிகளில் 75.8 சதவீதம் பேர் விசாரணைக் கைதிகள். அவர்களுக்குச் சோறும் காவலும் அரசுப் பணம். மகன் பாளையங்கோட்டை மத்திய சிறையில் இருந்தால், குற்றாலத்திலிருந்து போய்வரும் தாய்க்கு பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் போகும். அது எந்த பட்ஜெட்டிலும் வராது.

காழிக்கு பைத்துல்மாலிலிருந்து சம்பளம் தரும் வழக்கம் உமர் (ரலி) காலத்திலேயே உண்டு. வழக்காட வருபவரிடம் அவர் கை நீட்டக் கூடாதல்லவா?

சிறையில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், சிறுவர்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் வைத்துக்கொள்ள 1987-ஆம் ஆண்டு சட்டம் உரிமை தருகிறது. நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப்பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம்.