பொட்டி வாங்காத கதையும் வாங்கின கதையும்

ஜூன், ஜூலை வந்தா போதும், வெளிநாடு கிளம்புற பசங்க யாராவது போன் பண்ணி இந்தக் கேள்வியைக் கேட்டுடறாங்க. போன வாரம் ஒண்ணுவிட்ட அக்கா பையன் கேட்டான். "மாமா, லேப்டாப் இங்கயே வாங்கிட்டுப் போகட்டுமா, அங்க போய் வாங்கிக்கட்டுமா?" எங்க வேணா வாங்கு, சார்ஜர்ல 100லேர்ந்து 240ன்னு போட்டிருக்கான்னு மட்டும் பாத்துக்கோன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். மொத்தம் அரை நிமிஷம். 2001ல இதே கேள்விக்கு எங்க வீட்டுல ரெண்டு மாசம் பஞ்சாயத்து நடந்துது மக்களே. அந்தக் கொசுவத்தியைத்தான் இப்ப சுத்தப் போறேன்.

அதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம். எங்கப்பா மின்வாரியத்துல கணக்குப் பிரிவுல குப்பை கொட்டினவர். அவர் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகள்ல இந்தக் கேள்வியைக் கேக்கவே வழி கிடையாது. 1973ல வந்த அந்நியச் செலாவணிச் சட்டத்தைச் சொல்லி, பங்குகளைக் குறைச்சுக்கோன்னு அரசாங்கம் கேக்க, முடியாதுன்னு ஐ.பி.எம். 1978ல நடையைக் கட்டிடுச்சு. 1976ல ஆரம்பிச்ச எச்.சி.எல். மாதிரி நம்மூர்க் கம்பெனிகள் தலையெடுத்தது அந்தக் காலத்துலதான். ஆனா கம்ப்யூட்டர்ங்கறது ஆபீஸ் சமாச்சாரம், வீட்டுச் சமாச்சாரம் இல்ல. ஆபீஸ்லயும் அதுக்கு வரவேற்பு கிடையாது. வங்கி ஊழியர் சங்கங்கள் எவ்வளவு இயந்திரம் வரலாம், எங்கெங்க வரலாம்னு 1983ல ஒப்பந்தமே போட்டு வச்சிருந்தாங்க. வேலையைப் பறிக்கிற பொட்டி வேண்டாம்னு எங்கப்பாவும் ஒரு கூட்டத்துல நின்னு கோஷம் போட்டிருக்காராம். ஞாபகப்படுத்தினா, "அப்ப அது சரிதாண்டா"ம்பார்.

1984 நவம்பர்ல ராஜீவ் காந்தி அரசு புதுக் கணினிக் கொள்கையை அறிவிச்சு இறக்குமதியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. 1991ல கதவு இன்னும் தொறந்துது. 1997ல இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருள்கள் ஒப்பந்தத்துல சேர்ந்துது. கம்ப்யூட்டர், உதிரி பாகங்கள் மேல இருக்கற சுங்கவரியை 2005க்குள்ள படிப்படியா பூஜ்யமாக்கறதா அதுல ஒத்துக்கிட்டாங்க. நான் கிளம்பின 2001 இந்தப் படிக்கட்டுக்கு நட்டநடுவுல வருது. இங்க விலை இறங்கிக்கிட்டே இருக்கு, ஆனா அமெரிக்கா அளவுக்கு இறங்கல. அதனாலதான் அந்தக் கேள்விக்கு அவ்வளவு உயிர்.

சரி, கதைக்கு வருவோம். மேல்படிப்புக்கு அமெரிக்காவுல இடம் கிடைச்சுது. வங்கிகள் சங்கத்தோட மாதிரிக் கல்விக்கடன் திட்டம் அந்த வருஷம்தான் வந்திருந்துது. வெளிநாட்டுப் படிப்புக்கு 15 லட்சம் வரைக்கும் கடன். 4 லட்சத்துக்கு மேல போனா சொத்து ஈடு வைக்கணும். திருச்சியில எங்களுக்கு இருந்த ஒரே சொத்து அந்த வீடு. பத்திரம் பேங்க் லாக்கருக்குப் போச்சு. போன அன்னிக்கு அம்மா சாப்பிடல.

அந்தத் திட்டத்துல படிப்புக்குத் தேவையான கம்ப்யூட்டர் செலவையும் சேத்துக்கலாம். மேனேஜர் சாதாரணமாச் சொன்னார், "கொட்டேஷன் ஒண்ணு கொண்டாங்க சார், சேத்துடலாம்." அவ்வளவுதான், அப்பா பிடிச்சுக்கிட்டார். "பத்திரமே உள்ள போயாச்சு, இன்னும் முப்பதாயிரம் போனா என்ன?" எனக்கு வயித்தைக் கலக்குச்சு. தங்கச்சி ப்ளஸ் டூ. அடுத்த வருஷம் அவளுக்கு ஃபீஸ் கட்ட எந்தப் பத்திரத்தை வைக்கறது?

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறி, காலையில ரிச்சி தெருவுல நின்னோம். மவுண்ட் ரோட்டுலேர்ந்து உள்ள நுழைஞ்சா, ஒரு காலத்துல ரேடியோ சாமான் வித்த சந்து. அப்ப வயர், மதர்போர்டு, சி.டி.ன்னு ரெண்டு பக்கமும் கொட்டிக் கிடக்கும். ஒரு கடைக்காரர் பேப்பர்ல எழுதிக் குடுத்தார். பென்டியம் 3, 128 எம்.பி. ரேம், 20 ஜி.பி. டிஸ்க், 15 அங்குல மானிட்டர், எல்லாம் சேத்து 34,000. டாலர் அப்ப 47 ரூபா, அப்ப 720 டாலருக்குக் கொஞ்சம் மேல. அங்க இருந்த சீனியர் 600க்கே முடிச்சிடலாம்னு சொல்லியிருந்தார். 1998லயே ஈமெஷின்ஸ்னு ஒரு கம்பெனி, மானிட்டர் இல்லாம 400, 500 டாலருக்குப் பொட்டி வித்து அந்த ஊர் விலையையே உடைச்சு விட்டிருந்துது.

அப்பா விலையைப் பத்திக் கேக்கவே இல்ல. மின்வாரியக்காரர் இல்லையா, அவர் கேட்ட முதல் கேள்வி, "அங்க என்ன வோல்டேஜ்?"

கடைக்காரர் கேபினெட்டைத் திருப்பி, பின்னாடி இருந்த சிவப்பு சுவிட்சைக் காட்டினார். 115, 230ன்னு ரெண்டு நிலை. அங்க போனதும் 115க்குத் தள்ளிக்கோ தம்பின்னார். அப்பா விடல. "மறந்துட்டா?" அங்க 230ல வச்சா பொட்டி கிளம்பாது, அவ்வளவுதான். இங்க 115ல வச்சாத்தான் டப்புனு வெடிச்சிடும். அப்பா அந்த சுவிட்சை ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னார்.

எடைதான் தீர்ப்பு சொல்லுச்சு. அப்பல்லாம் ஆளுக்கு ரெண்டு பெட்டி, பெட்டிக்கு 32 கிலோ. மானிட்டரே பதிமூணு கிலோ. அம்மாவோட லிஸ்ட்ல குக்கர், ஊறுகா, பருப்புப்பொடி, வருஷத்துக்கான புளி. மானிட்டரா புளியான்னு வந்தப்ப புளி ஜெயிச்சுது :-) நானும் எனக்குத் தெரிஞ்ச பொருளாதாரத்தை எடுத்து விட்டேன். "ரேம் விலை மாசாமாசம் இறங்குதுப்பா, பொறுத்து வாங்கறதுதான் புத்திசாலித்தனம்." அது உண்மையும்கூட. 1999 செப்டம்பர்ல தைவான்ல நிலநடுக்கம் வந்தப்ப தாறுமாறா ஏறின ரேம் விலை, 2001ல அதல பாதாளத்துக்குப் போய்க்கிட்டிருந்துது. கொட்டேஷனை மடிச்சுச் சட்டைப்பையில வச்சுக்கிட்டு அப்பா ஒண்ணும் பேசாம ரயிலேறினார்.

ஆகஸ்ட்ல கிளம்பிட்டேன். அந்தப் பல்கலைக்கழகத்துல ராப்பகலா தொறந்திருக்கற லேப். பொட்டி எதுக்குன்னு என்னை நானே மெச்சிக்கிட்டேன்.

அக்டோபர்ல அப்பாகிட்டேர்ந்து மெயில் வந்துது. தில்லைநகர்ல ஒரு கடையில சொந்தமாவே பொட்டி வாங்கிட்டாராம். இதை நான் போன்ல கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஏன்னா மெயிலை என்னால படிக்க முடியல. அப்பா தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணினவர். கடைக்காரப் பையன் முரசு அஞ்சல் போட்டுக் குடுத்து, அதுல பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையும் இருக்குன்னு காட்டியிருக்கான். மனுஷனுக்கு விரல் தானா ஓடியிருக்கு. பக்கம் பக்கமா டிஸ்கியில அடிச்சுத் தள்ளிட்டார்.

டிஸ்கின்னா என்னன்னு இப்பத்தைய பசங்களுக்குத் தெரியாது. யூனிகோடுல 1991லயே தமிழ் இருந்தாலும், அது புழக்கத்துக்கு வர்ற வரைக்கும் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு குறியாக்கம் வச்சிருந்தாங்க. இணையத்துல கூடின தமிழர்கள் பேசிப் பேசி உண்டாக்கினது டிஸ்கி. 1999 பிப்ரவரியில சென்னையில நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுல டாம், டாப்னு வேற ரெண்டு வந்துது. அவங்கவங்க எழுத்துரு இருந்தாத்தான் அவங்கவங்க எழுத்து தெரியும். இல்லேன்னா தலையில கொம்பும் புள்ளியும் வச்ச ஆங்கில எழுத்துதான் வரிசையா நிக்கும்.

முரசு அஞ்சல் ஃப்ளாப்பியில கையோட கொண்டுபோயிருந்தேன். லேப் மெஷின்ல எழுத்துரு ஏத்தவே அனுமதி இல்ல. பொறுப்பாளர்கிட்ட கேட்டேன். பாதுகாப்பு விதின்னு சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டார். அப்பாகிட்ட படிக்க முடியலன்னு சொல்ல மனசு வரல. அவ்வளவு ஆசையா அடிக்கறார். எப்படியும் பூனை குட்டி போட்டுது, மாடியில பைப் ஒழுகுதுன்னுதான் எழுதியிருப்பார்னு, இங்கிலீஷ் எழுத்துல பதில் போட்டேன்: உங்க லெட்டர் கிடைச்சுது, ரொம்ப சந்தோஷம்பா.

மூணு லெட்டருக்கு அதே பதில்.

நவம்பர் கடைசியில தேங்க்ஸ்கிவிங் தள்ளுபடி. விடியக்காலை குளிர்ல வரிசையில நின்னு 500 சொச்சம் டாலருக்குப் பொட்டி வாங்கினேன். விண்டோஸ் எக்ஸ்.பி. அப்பத்தான் வந்து ஒரு மாசம். தமிழ் உள்ளயே உண்டு, ஆனா செட்டிங்குல போய் டிக் அடிச்சு சி.டி.யைப் போடணும். அது யூனிகோடுக்கு. அப்பாவோட டிஸ்கிக்கு ஃப்ளாப்பிதான். ஏத்தி, மெயிலைத் தொறந்தா, கொம்பெல்லாம் உதிர்ந்து அப்பா பேச ஆரம்பிச்சார்.

ரெண்டாவது லெட்டர்ல அம்மா கிணத்தடியில வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிஞ்சதை எழுதியிருந்தார். "போன்ல சொன்னா நீ படிப்பை விட்டுட்டு நிப்பேன்னு அம்மா சொல்ல விடமாட்டேங்கறா. எனக்கு மனசு கேக்கல, அதான் எழுதறேன். நீ தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே."

அதுக்குத்தான் நான் ரொம்ப சந்தோஷம்பான்னு எழுதியிருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி கார்டு தீர்ற வரைக்கும் போன்ல பேசினேன். அப்பா கோவிச்சுக்கல. "நீ நல்லாத்தாண்டா நடிக்கறேன்னு நெனச்சேன்"னார். பொட்டி 31,500க்கு முடிஞ்சுதாம், நீ சொன்ன மாதிரி விலை இறங்கிடுச்சுன்னு பெருமையா வேற சொன்னார். கல்விக்கடன்ல தொடல. ஆபீஸ் சொசைட்டியில கடன் வாங்கியிருக்கார். அதை எனக்குச் சொன்னது தங்கச்சி.

2005ல முதல் தடவையா ஊருக்கு வந்தப்ப கையில லேப்டாப். 2004 ஜனவரியிலேர்ந்து பயணி ஒருத்தருக்கு ஒரு லேப்டாப் வரி இல்லாமக் கொண்டுவரலாம்னு ஆகியிருந்துது. சுங்க அதிகாரி பையைத் தொறந்துகூடப் பாக்கல. வீட்டுக்கு வந்து அப்பாவோட பொட்டிக்குப் பின்னாடி குனிஞ்சு பாத்தேன். சிவப்பு சுவிட்ச் மேல கறுப்பு இன்சுலேஷன் டேப் நாலு சுத்து. அதுமேல ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டி, பேனாவால அப்பா கையெழுத்துல: 230. தொடாதே.