காட்டாமணக்கும் விமான எரிபொருளும்

பேண்தகு விமான எரிபொருள் என்பது தாவர எண்ணெய், பயன்படுத்திய சமையல் எண்ணெய், விலங்குக் கொழுப்பு, வேளாண் கழிவு போன்றவற்றிலிருந்து தயாரிக்கப்படும் விமான எரிபொருள் ஆகும். இதை எரித்தாலும் கரியமில வாயு வெளியாகும். ஆனால் தாவர மூலப்பொருளைப் பொறுத்தவரை, அது செடி வளர்ந்தபோது காற்றிலிருந்து எடுத்துக்கொண்ட வாயுவே. எனவே மொத்தக் கணக்கில் உமிழ்வு குறைகிறது. இந்த எரிபொருளால் விமானத்தைப் பறக்கவைப்பதைவிட, அதற்குப் போதிய மூலப்பொருளைப் பெறுவதே கடினம் என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

முதல் சோதனைகள்

2008 பிப்ரவரியில் வர்ஜின் அட்லாண்டிக் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் பயணிகள் இன்றி லண்டனிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்குப் பறந்தது. அதன் நான்கு எஞ்சின்களில் ஒன்றில், தேங்காய் எண்ணெயும் பபாசு பனை எண்ணெயும் கொண்டு செய்த எரிபொருள் 20 விழுக்காடு கலக்கப்பட்டிருந்தது. உணவுப் பொருள்களின் விலை உலகெங்கும் ஏறியிருந்த ஆண்டு அது. உணவாகும் எண்ணெயை எரிபொருளாக்கலாமா என்ற கேள்வி வலுத்தது. அதே ஆண்டு டிசம்பர் 30 அன்று ஏர் நியூசிலாந்து நிறுவனம் ஆக்லாந்தில் காட்டாமணக்கு எண்ணெயைச் சோதித்தது. 2011இல் இத்தகைய எண்ணெய்களிலிருந்து செய்த எரிபொருளை 50 விழுக்காடு வரை கலக்கப் பன்னாட்டுத் தரநிர்ணயம் இடமளித்தது. எஞ்சினில் எந்த மாற்றமும் தேவைப்படவில்லை.

இந்தியாவில் காட்டாமணக்கு

காட்டாமணக்கு நம் ஊர்களில் வேலிச் செடியாக அறியப்பட்டது. ஆடுமாடுகள் இதை மேய்வதில்லை; விதை நச்சுத்தன்மை கொண்டது. உணவுடன் போட்டியிடாமல் தரிசு நிலத்தில் வளரும் என்று கருதி, 2003இல் திட்டக்குழுவின் அறிக்கை இதைப் பெருமளவில் பயிரிடப் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டு உழவர்களும் பயிரிட்டனர். 2017க்குள் 20 விழுக்காடு உயிரி எரிபொருள் கலப்பு என்பது 2009ஆம் ஆண்டுக் கொள்கையின் இலக்கு.

ஆனால் வறட்சியில் செடி உயிர் பிழைப்பது வேறு, காய்த்துப் பலன் தருவது வேறு. நீரும் உரமும் இல்லாத இடத்தில் விளைச்சல் மிகக் குறைவாக இருந்தது. வருமானம் கிடைக்காத உழவர்கள் பலர் செடிகளைப் பராமரிக்காமல் விட்டனர். சிலர் பிடுங்கி எறிந்தனர். இலக்கு எட்டப்படவில்லை.

2018 ஆகஸ்ட் 27 அன்று ஸ்பைஸ்ஜெட் விமானம் டேராடூனிலிருந்து டெல்லிக்குப் பறந்தது. சத்தீசுகரில் விளைந்த காட்டாமணக்கிலிருந்து டேராடூன் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம் தயாரித்த எரிபொருள் அதில் 25 விழுக்காடு கலக்கப்பட்டிருந்தது. தொழில்நுட்பம் வென்றது, ஆனால் அன்றாடச் சேவைக்கு வேண்டிய அளவு விதை இல்லை.

இன்றைய நிலை

2023 நவம்பரில் ஒரு விமானம் முழுவதும் பேண்தகு எரிபொருளாலேயே லண்டனிலிருந்து நியூயார்க் சென்றது. எனினும் 2024இல் உலக விமான எரிபொருளில் இதன் பங்கு ஏறத்தாழ 0.3 விழுக்காடுதான். விலையும் வழக்கமான எரிபொருளைவிடப் பல மடங்கு அதிகம். இப்போதைய முதன்மை மூலப்பொருள்களில் ஒன்றான பயன்படுத்திய சமையல் எண்ணெயும் ஓரளவுக்கே கிடைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 முதல் 2 விழுக்காடு கலப்பைக் கட்டாயமாக்கியது. இந்தியா பன்னாட்டுப் பறப்புகளுக்கு 2027இல் 1 விழுக்காட்டை இலக்காகக் கொண்டுள்ளது. இந்த இலக்குகளை அறிவிப்பதோடு, மூலப்பொருளைத் தரும் உழவருக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவும் வழி செய்ய வேண்டும். காட்டாமணக்குத் திட்டம் விட்டுச்சென்ற பாடம் இதுவே.