சைபரும் ஸீரோவும்

ஆங்கிலத்தில் 'ஸீரோ', 'சைபர்' என இரு சொற்கள் உள. முன்னது சுழியைக் குறிப்பது. பின்னதோ இன்று பெரும்பாலும் சங்கேத எழுத்தைக் குறிப்பது. உரியவர் தவிர ஏனையோர் படித்தறிய இயலாதவாறு மாற்றி எழுதும் முறை அது. பொருளால் இத்துணை விலகி நிற்கும் இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்றால் நம்மிற் பலர் வியப்படைவர். அத்தாய் 'ஸிஃப்ர்' என்னும் அரபுச் சொல். வெறுமை என்பது அதன் பொருள்.

சுழியைக் கண்டுபிடித்தவர்கள் அரபியரே என்று நம் மேடைகளிற் சிலர் முழங்கக் கேட்கிறோம். அரபியர் அவ்வாறு உரிமை கொண்டாடியதில்லை. கி.பி. 628இல் பிரம்மகுப்தர் சுழியைக் கொண்டு கூட்டவும் கழிக்கவும் விதிகள் வகுத்தார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், கலீஃபா மஃமூனின் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி, இந்தியக் கணக்கு முறையை விளக்கியே தம் நூலை எழுதினார். வடமொழியின் 'சூன்யம்' அரபியில் 'ஸிஃப்ர்' ஆயிற்று. ஐரோப்பியர் 'அரபு எண்கள்' என்று போற்றியவற்றை அரபியர் 'இந்திய எண்கள்' என்றே வழங்கினர். வாங்கிய கடனை மறைக்காத இப்பண்பு, கண்டுபிடித்த பெருமையினும் குறைந்ததன்று என்பது நம் கருத்து.

அச்சொல் ஐரோப்பாவினுள் இரு வழியாகப் புகுந்தது. பிபனாச்சி எனப் பிற்காலத்தார் அழைக்கும் பைஸா நகர லியோனார்டோ, தந்தை பணியாற்றிய வட ஆப்பிரிக்கத் துறைமுகமாகிய புஜியாவில் இக்கணக்கைக் கற்றார். 1202இல் எழுதிய தம் நூலில் 'ஸிஃப்ர்' என்பதை 'ஸெஃபிரம்' என லத்தீனாக்கினார். இத்தாலியர் நாவில் அது தேய்ந்து 'ஸீரோ' ஆயிற்று. மற்றொரு வழியில் 'சிஃப்ரா' என்று லத்தீனில் நின்று, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்தில் 'சைபர்' ஆயிற்று.

வரவேற்பு எங்கும் இனிதாக இருந்ததெனக் கூறுவதற்கில்லை. 1299இல் பிளாரன்ஸ் நகர நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதலாகாதெனத் தடை விதித்தது. எளிதில் திருத்தி ஏமாற்றலாம் என்னும் அச்சமே காரணம் என்பர்.

ஆங்கிலத்தில் முதலிற் குடியேறியது 'சைபர்' தான். சுழிக்கு அதுவே பெயர். பின்னர் எந்த இலக்கத்திற்கும் பெயராயிற்று. எழுத்துகளுக்குப் பதில் இலக்கங்களையும் குறிகளையும் இட்டு அரசர்களும் தூதர்களும் மறைவாக எழுதத் தொடங்கியபோது, அவ்வெழுத்தும் 'சைபர்' எனப்பட்டது. 1600ஐ ஒட்டி 'ஸீரோ' வந்து சேர்ந்து, சுழியின் இருக்கையைச் சிறிது சிறிதாகக் கைப்பற்றிக்கொண்டது. மதிப்பற்ற மனிதனைச் 'சைபர்' என்று இகழும் வழக்கில் மட்டும் பழம்பொருள் எஞ்சியது. சங்கேத எழுத்தில் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறதென எண்ணி மறைபொருளை வெளிக்கொணரும் வழியை, 9ஆம் நூற்றாண்டிலேயே அதே பக்தாதில் அல் கிந்தி எழுதி வைத்தார் என்பதும் ஈண்டு நினையத்தக்கது.

தமிழர் நிலை இன்னும் சுவையானது. நம் பழைய எண் முறையில் பத்து, நூறு, ஆயிரம் ஆகியவற்றிற்குத் தனிக் குறிகள் இருந்தமையால் சுழிக்கு வேலையில்லை. பின்னர் ஆங்கிலத்தின் வழியே 'சைபர்' வந்தது. ஆங்கிலேயர் கைவிட்ட பொருளையே நாம் பற்றிக்கொண்டோம். கணக்கில் 'சைபர்' வாங்கிய பிள்ளையை அறியாத தமிழ் வீடு உண்டா?

இப்போது செய்தித்தாள்களில் 'சைபர் குற்றம்' என்று படிக்கிறோம். இதற்கும் 'ஸிஃப்ரு'க்கும் உறவில்லை. 1948இல் நார்பர்ட் வீனர் 'சைபர்நெட்டிக்ஸ்' என்று தம் நூலுக்குப் பெயரிட்டார். கப்பலின் சுக்கான் பிடிப்பவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். தமிழெழுத்தில் ஒரே பகரம் இரண்டொலிக்கும் நிற்பதால், வங்கிக் கணக்கின் இரகசியத்தைக் காக்கும் 'சைபரு'ம், அதைத் திருடுவோரின் குற்றத்திற்கு முன்னொட்டாகிய 'சைபரு'ம் நம் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றுகின்றன.