கிலுகிலுப்பையின் மஞ்சள்: பொம்மை நஞ்சும் சட்டம் நிற்கும் இடமும்

ஆடிக் கிருத்திகைக்கு மணவூரிலிருந்து திருத்தணிக்குப் போய்வரும் குடும்பத்தில் சின்னப் பிள்ளை இருந்தால், திரும்பும் ரயிலில் அதன் கையில் ஒரு பொம்மை இருக்கும். 365 படி ஏறியதற்கு அதுதான் கூலி. கிலுகிலுப்பையோ மஞ்சள் வாத்தோ, எதுவானாலும் முதலில் போவது வாய்க்குத்தான். "வாயில வெக்காத, சாயம் போவும்" என்று தாய் பிடுங்குவாள்.

சாயம் போகும் என்ற அந்த எச்சரிக்கையைப் படிக்காதவர் பயம் என்று ஒதுக்க முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பொம்மைத் தரமான ஐ.எஸ். 9873-இன் 3ஆம் பகுதி கேட்பதும் அதே கேள்விதான். பொம்மையிலிருந்து சுரண்டி எடுத்த துகளை, இரைப்பை அமிலத்துக்கு ஈடான நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், உடல் வெப்பநிலையில் வைக்கிறார்கள். எவ்வளவு உலோகம் கரைந்து வெளியேறுகிறது என்று பிறகு அளக்கிறார்கள். ஈயம், காட்மியம், பாதரசம் உள்ளிட்ட எட்டுத் தனிமங்களுக்கு வரம்பு உண்டு. ஈயத்துக்குக் கிலோவுக்கு 90 மில்லிகிராம். தாயின் கேள்வியும் ஆய்வகத்தின் கேள்வியும் ஒன்றாக இருக்க, கடைத்தெருவில் அதற்கு விடை கிடைக்காமல் போவது ஏன் என்பதே இங்கே ஆராய வேண்டியது.

சென்னையும் இந்த ஆய்வுகளுக்குப் புதிதல்ல. டெல்லி, மும்பை, சென்னைக் கடைகளில் வாங்கிய 111 பெயரில்லாத மென்பிளாஸ்டிக் பொம்மைகளை வைத்து நடந்த ஆய்வு 2007-இல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் வெளியானது. ஈயமும் காட்மியமும் கூடியும் குறைந்தும் அவற்றில் காணப்பட்டன. இது தற்செயலான கலப்பு அல்ல. பி.வி.சி. சூட்டில் சிதையும், சிதையாமல் பிடித்து நிறுத்த ஈயச் சேர்மம் மலிவான வழி. கண்ணைப் பறிக்கும் மஞ்சளுக்கு ஈயக் குரோமேட் மலிவான நிறமி. சாயம் துளியும் ஒட்டாத பொம்மைக்குள்ளும் ஈயம் இருக்கலாம் என்பதால், விரலால் தேய்த்துச் சாயம் போகிறதா என்று தாய் பார்க்கும் சோதனை இங்கே தோற்றுப்போகிறது.

2009-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, சென்னையில் 3 முதல் 7 வயது வரையிலான 756 குழந்தைகளின் இரத்தத்தை அளந்தது. சராசரி ஈயம் டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். 5 மைக்ரோகிராமை எட்டினாலே ஈயம் எங்கிருந்து வருகிறதென்று தேடி நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈய அளவு கூடிய பிள்ளைகளிடம் பதற்றமும் கவனச் சிதறலும் கூடியிருந்தன. அந்த எண்ணுக்குப் பொம்மையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. மண்ணும் தூசியும் பெயின்ட்டும் அதில் பங்காளிகள். ஆனால் பழைய பங்காளியான ஈயப் பெட்ரோலை எப்படி வெளியேற்றினோம் என்பது கவனிக்கத்தக்கது. 2000 ஏப்ரலுக்குள் இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. சாலையோரம் பிள்ளையை விளையாட விடாதீர்கள் என்று யாரும் பெற்றோருக்குப் பாடம் எடுக்கவில்லை. சுத்திகரிப்பு ஆலையிலேயே கலப்பு நிறுத்தப்பட்டது.

பொம்மையில் மட்டும் சட்டம் கடைக்கோடியில் நிற்கிறது. 2019-இல் இந்தியத் தர மன்றம் சோதித்த இறக்குமதிப் பொம்மைகளில் 66.9 விழுக்காடு தேறவில்லை. 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமானது. நல்ல சட்டம்தான். ஆனால் திருவிழாத் தரைக்கடையில் கொட்டிக் கிடக்கும் குவியலில் முத்திரையைத் தேடும் வேலை கடைசியில் பெற்றோர் தலையில்தான் விழுகிறது.

ஆலை மட்டத்துச் சட்டங்களோ ஆளுக்கொரு மூலையைப் பிடித்திருக்கின்றன. 2016-இல் அறிவித்து 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்த விதி, பெயின்ட்டில் ஈயத்தைப் பத்து லட்சத்தில் 90 பங்குக்குள் அடக்குகிறது. ஆனால் வீட்டுக்கும் அலங்காரத்துக்குமான பெயின்ட்டுகளுக்கு மட்டும். தொழிற்சாலைப் பெயின்ட் அதற்கு வெளியே. பி.வி.சி.யில் ஈய நிலைப்படுத்தியைத் தடுக்கும் 2021 விதியின் பெயரிலேயே 'குழாய்களும் இணைப்புகளும்' என்று இருக்கிறது. தண்ணீர்க் குழாய்க்குக் கிடைத்த காவல், பிள்ளை கடிக்கும் வாத்துக்கு மூலப்பொருள் நிலையில் கிடைக்கவில்லை.

கைவினைஞர் வாதம் இங்கே வரும். பதிவுபெற்ற கைவினைஞரின் பொம்மைகளுக்கும் புவிசார் குறியீடு பெற்றவற்றுக்கும் 2020 டிசம்பரில் முத்திரைக் கட்டாயத்திலிருந்து விலக்கு அளித்தார்கள். சோதனைச் செலவை ஒற்றைக் கடைசல் பட்டறை தாங்காது என்பது நியாயம். மரபு என்றாலே நஞ்சில்லை என்று அந்த விலக்கைப் படிப்பதுதான் பிழை. ஆந்திரத்தின் ஏட்டிகொப்பாக்கா பொம்மைக்கு இன்று நல்ல பெயர் இருக்கிறதென்றால் மரத்தால் மட்டும் வந்ததல்ல அது. ரசாயன வண்ணம் புகுந்த பிறகு சி.வி. ராஜு போன்றவர்கள் தாவரச் சாயத்தை மீட்டுக் கொண்டுவந்ததால் வந்தது. மரமா பிளாஸ்டிக்கா என்று வீடுகளில் நடக்கும் விவாதம் பாதிதான் சரி. மேலே ஏறிய நிறம் எது என்பதே மீதிப் பாதி.

நிறமியும் நிலைப்படுத்தியும் செய்யும் ஆலைகள் எண்ணிக்கையில் சில. பொம்மை செய்பவர்கள் பல்லாயிரம், விற்பவர்கள் அதனினும் பலர். ஈயச் சேர்மத்தை ஆலை வாசலில் தடுத்தால் பட்டறைக்காரர் தனியாகச் சோதனைக் கட்டணம் கட்ட வேண்டாம். விலக்கும் கேட்க வேண்டாம். இன்று அவர் பெயின்ட் கடைக்குப் போனால், வீட்டு எனாமல் டப்பாவில் ஈய அளவு அச்சிட்டிருக்க வேண்டும். பக்கத்து அடுக்கில் இருக்கும் தொழிற்சாலைப் பெயின்ட் டப்பாவுக்கு 2016 பெயின்ட் விதியின்படி அப்படிக் கட்டாயம் இல்லை.