தீவில் அடித்த கூடாரம்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஒரு பால்கோவா கடை ஓரமாக நின்றேன். கடைக்காரர் யாரிடமும் "என்ன வேணும்?" என்று கேட்கவில்லை. "எந்த ஊருக்குப் போகுது?" என்றுதான் கேட்டார். பக்கத்து ஊர் என்றால் காகிதப் பொட்டலம், சென்னை என்றால் அட்டைப்பெட்டி, மேலே இரண்டு சுற்று டேப். பல வருஷம் கல்லாவில் உட்கார்ந்து பார்த்த பார்வை அது. பெரிய கம்பெனிகள் இதே வேலைக்கு மானிடவியல் படித்தவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கின்றன. வாங்குபவர் வீட்டுக்கே போய் உட்கார்ந்து, அவர் சொல்வதை விடச் செய்வதைக் கவனிக்கும் இந்தக் கலைக்கு அங்கே பெயர் இனவரைவியல்.

இது பிறந்ததில் ஒரு போருக்குப் பங்குண்டு. 1914-இல் மலினோவ்ஸ்கி என்ற போலந்துக்காரர் ஒரு மாநாட்டுக்காக ஆஸ்திரேலியா போனார். போர் மூண்டது. அவர் ஆஸ்திரியப் பிரஜை, அதாவது எதிரி நாட்டு ஆள். ஊர் திரும்பாமல் டிரோபிரியாண்ட் தீவுகளுக்குப் போய், குடிசைகளுக்கு நடுவே கூடாரம் அடித்தார். அதுவரை பல அறிஞர்கள் துரைமார் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து ஆட்களை வரவழைத்துக் கேள்வி கேட்டவர்கள்.

அதே சமயம் நம் பக்கத்திலும் ஒருவர் கிராமத்தைத் துருவிக்கொண்டிருந்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர். திராவிடப் பண்பாடு பற்றிப் புத்தகம் எழுதியவர் என்று நம்மவர்களுக்குத் தெரிந்த அதே ஸ்லேட்டர்தான். 1916-இல் மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். இன்றைய விருதுநகர் மாவட்டத்து வடமலைபுரமும் அதில் ஒன்று. 1918-இல் புத்தகம் வந்தது. 1930களிலும் 1980களிலும் மறுபடி ஆய்வாளர்கள் அதே ஊர்ப் படியேறினார்கள். நிலம், கூலி, கடன் என்று கணக்கெடுத்தவர்கள் யாருக்கும் சோப்பு விற்கும் எண்ணம் இல்லை.

அந்த எண்ணம் அமெரிக்காவில் வந்தது. லாய்ட் வார்னர் 1920களின் கடைசியில் ஆஸ்திரேலியப் பழங்குடிகளோடு இருந்துவிட்டுத் திரும்பியவர். ஹாதார்ன் என்ற தொழிற்சாலையில் நடந்த ஆய்வுக்கு அவரிடம் யோசனை கேட்டார்கள். 14 தொழிலாளர்களை ஓர் அறையில் மாதக்கணக்காகக் கவனித்தார்கள். அதிகம் செய்தால் அதிகம் கூலி என்றிருந்தும், இவ்வளவு போதும் என்று அவர்களே தங்களுக்குள் ஓர் எல்லை போட்டிருந்தது தெரிந்தது. 1946-இல் வார்னரும் கூட்டாளிகளும் சிகாகோவில் ஆய்வுக் கம்பெனி தொடங்கி, இல்லத்தரசிகளின் சமையலறை வரை போய்விட்டார்கள்.

இந்தியாவில் கம்பெனி ஆட்கள் வீடுகளுக்குள் போகப் பால் காரணமானது. உத்தரப் பிரதேசத்து எட்டாவில் ஹிந்துஸ்தான் லீவரின் பால் பண்ணைக்குப் போதுமான பால் வரவில்லை. 1976-இல் கம்பெனி கிராம மேம்பாட்டில் இறங்கியது. பயிற்சியில் இருந்த மேலாளர்கள் கிராமத்து வீடுகளில் வாரக்கணக்கில் தங்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த கதை ஜெராக்ஸ் கம்பெனியின் பிரதி எடுக்கும் மெஷினுடையது. பச்சைப் பொத்தானை அமுக்கினால் போதும் என்று விளம்பரம் செய்த மெஷின் அது. அங்கே ஆய்வு செய்த லூசி சச்மன், மெஷின் முன் இரண்டு பேரை நிறுத்திப் படம் பிடித்தார். இரண்டு பக்கப் பிரதி எடுக்கத் தெரியாமல் அவர்கள் திண்டாடினார்கள். இருவருமே கம்ப்யூட்டர் விஞ்ஞானிகள்! அதற்குமேல் வாடிக்கையாளரைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

கடலூர்க்காரர்களுக்கு இந்தப் பாடமெல்லாம் தேவைப்படவில்லை. பெரிய அளவில் வாங்க முடியாதவர்களுக்காக அந்த ஊர் சின்னிகிருஷ்ணன் பொருள்களைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்தார். மகன் ரங்கநாதன் குடும்பத் தொழிலை விட்டு விலகி, 15,000 ரூபாயோடு 1983-இல் சிக் ஷாம்பூவைத் தொடங்கினார். ஊர் ஊராகப் போய், ஒரு பையனை நிறுத்தி எல்லார் முன்னாலும் தலை அலசிவிட்டு, முடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பன்னாட்டுக் கம்பெனிகளும் பாக்கெட்டுக்கு வந்து சேர்ந்தன.

பால்கோவா கடையில் அன்று ஒரு கல்லூரிப் பெண்ணும் நின்றாள். கையில் போன், அதில் படிவம். பால்கோவா வாங்கிய ஓர் அம்மாவிடம் கேட்டாள்: "ருசிக்கு அஞ்சுக்கு எத்தனை மார்க் கொடுப்பீங்கம்மா?"

"நாலு போட்டுக்கோ தாயி" என்றார் அந்த அம்மா. அவள் குனிந்து நாலைத் தட்டிக்கொண்டிருந்தபோதே, பொட்டலத்தின் ஓரத்தைப் பிரித்து விரலால் ஒரு துளி வழித்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பினார்.

"இன்னொரு அரைக்கிலோ கட்டுங்கண்ணே."