மஞ்சளும் சுண்ணாம்பும்: சமையலறையிலிருந்து ஓர் அறிவியல் வரலாறு

ஆரத்தித் தட்டில் மஞ்சள் கரைத்த நீரில் சிறிது சுண்ணாம்பைச் சேர்த்ததும் அது குருதிச் சிவப்பாகிறது. நம் பாட்டிமார் அனைவரும் செய்து காட்டிய இந்தச் சோதனைக்கு யாரும் சோதனை என்று பெயர் வைக்கவில்லை. மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி காரத்தில் சிவக்கும். எலுமிச்சையோ புளியோ சேர்த்தால் மீண்டும் மஞ்சளாகும். அந்நிறமியை வோகலும் பெல்லெட்டியேவும் 1815இல் பிரித்தெடுத்தனர். அதற்கும் முன்பே, 1664இல், நிறங்களைப் பற்றிய தம் நூலில் ராபர்ட் பாயில், ஊதாப் பூவின் பாகு அமிலத்தில் சிவப்பதையும் காரத்தில் பச்சையாவதையும் எழுதிவைத்தார். ஆய்வுக்கூடம் அடுக்களையிடம் கடன் வாங்கித்தான் தொடங்கியது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தக் கடன் திரும்பி வந்த கதைதான் நமக்கு முக்கியம். இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியப் பள்ளிகள் பலவற்றின் ஆய்வுக்கூடங்கள் அழிந்தன. அத்தகைய நாடுகளின் ஆசிரியர்களுக்கென யுனெஸ்கோ 1948இல் ஒரு சிறு கையேட்டை வெளியிட்டது. கையில் அகப்படும் எளிய பொருள்களைக் கொண்டே அறிவியல் கற்பிக்கும் வழிகளை அது சொன்னது. 1956இல் அது பெருநூலாக விரிந்தது. போர் உண்டாக்கிய பற்றாக்குறையில் பிறந்த அந்த முறை, என்றுமே பற்றாக்குறையில் இருந்த நம் பள்ளிகளுக்கு இயல்பாகவே பொருந்தியது. 1962இல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம், 1980இல் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் என அந்த மரபு கிளைத்தது. சிறுவர்களுக்கான துளிர் இதழ் 1987இல் வந்தது.

புதுக்கோட்டைக்கு இதில் தனியிடம் உண்டு. குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பிறந்த இராயவரமும் வாண்டுமாமா பிறந்த அரிமளமும் இம்மாவட்டத்து ஊர்கள்தாம். சிறுவர்க்கு எழுதுவதை இழிவாகக் கருதாத மண். 1991இல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, அறிவியல் இயக்கத்தினர் அதன் முன்வரிசையில் நின்றனர். ஷீலாராணி சுங்கத் ஆட்சியராயிருந்த அக்காலத்தில் ஆயிரமாயிரம் பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றனர். அந்தச் சைக்கிளைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள், பி. சாய்நாத்தின் நூல் அதை உலகறியச் செய்தது. நாம் சொல்ல வருவது வேறு. கையெழுத்துப் போடக் கற்ற தாயின் அஞ்சறைப்பெட்டியே பிள்ளைக்கு ஆய்வுப் பெட்டியாகும் என்றால், அந்த வீட்டில் அறிந்தவர் யார், அறியாதவர் யார் என்ற கணக்கு மாறிவிடுகிறது. வெள்ளை வேட்டியில் பட்ட குழம்புக் கறை சோப்புப் போட்டதும் சிவப்பதை வாத்தியாருக்கு முன்பே கண்டவள் அவள். காரம் என்ற சொல் மட்டும் அவளுக்குப் புதிது. அதுவும் மிளகாயின் காரத்தோடு குழம்பும் சொல்; தமிழில் அறிவியல் எழுதுவோருக்கு இது தீராத தலைவலி.

இதெல்லாம் வெறும் விளையாட்டல்ல என்பதை 1995 செப்டம்பர் 21 காட்டியது. அன்று பிள்ளையார் பால் குடிக்கிறார் என்ற செய்தி நாடெங்கும் பரவியது. கோயில் வாசல்களில் கரண்டியும் கையுமாகக் கூட்டம் நின்றது. தில்லியில் அறிவியலாளர்கள் பாலில் சாயம் கலந்து காட்டினர். தும்பிக்கையைத் தொட்ட பால் பரப்பு இழுவிசையால் கரண்டியைவிட்டு வெளியேறி, கல்லின் மேனியில் மெல்லிய படலமாய் வழிவது தெரிந்தது. ஒரு கரண்டியும் கொஞ்சம் பாலும் போதும். பிள்ளையாருக்குப் பதில் ஓர் அம்மிக்குழவியை வைத்தாலும் அதுவும் குடிக்கும். செம்பருத்திச் சாறு தடவிய கத்தியால் எலுமிச்சையை அறுத்து 'இரத்தம்' வரவழைப்பவரின் வித்தையும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். பூவின் நிறமி அமிலத்தில் சிவக்கிறது, அவ்வளவே. அதைத் தன் கையால் ஒருமுறை செய்துபார்த்த சிறுமியிடம் தகடு விற்பது கடினம்.

இதனால் ஆரத்தியின் அழகு குறைந்துவிடும் என்று வருந்துவோர் நம் இலக்கிய நண்பர்களிலும் உண்டு. நமக்கு அப்படித் தோன்றவில்லை. வானவில்லின் காரணம் தெரிந்தபின் எவரும் அண்ணாந்து பார்ப்பதை நிறுத்திவிடவில்லை.

மஞ்சளும் செம்பருத்தியும் இப்போது பள்ளிப் பாடநூலுக்குள்ளேயே செயல்பாடுகளாக வந்துவிட்டன. சோப்பு நீரில் மஞ்சள்தாள் என்ன நிறமாகும் என்ற விடையையும் அங்கேயே படித்துவிடலாம். தேர்வுக்கு அது போதும்; தாளை நனைத்துப் பார்க்க வேண்டியதில்லை.